வால்வுகளுக்குப் பொட்டு வைத்த நாள்

போன வாரம் ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பெயர் எழுதிவிட்டேன். வாசகர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். கோபித்துக்கொள்ள வேண்டாம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று படித்த படிப்பு. வரிசையாக எழுத வராது, வந்தாலும் நடுவில் மறந்துபோகும். அதனால் இந்த வாரம் ஆட்கள் குறைந்த கதையாக எடுத்துக்கொண்டேன். நாங்கள் நாலு பேர், ஒரு கார். பெயர் மாறிப்போக வழியில்லை.

ஆயுத பூசை அன்று காலை. விளக்கு ஏற்றியாயிற்று. வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழை இலையில் பொரி, அவல், கடலை. என் மாமியார் கற்பூரத் தட்டைச் சுற்றுகிறார். நாத்தனார் லெட்சுமி மணி அடிக்கிறாள். என் வீட்டுக்காரர் குளித்துத் திருநீறு பூசிக் கை கூப்பி நிற்கிறார். நான் வழக்கம்போல கதவு ஓரம்.

தற்செயலாக அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

மாமியாரும் பார்த்துவிட்டார். என் பக்கம் சாய்ந்து, "பாத்தியா புள்ள, எம்மகனுக்கு என்னா பக்தி. கல்யாணத்துக்கு முந்தி கோயில் பக்கமே தலவச்சுப் படுக்க மாட்டான்" என்றார்.

அது பக்தி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொரை விட்டுப்போன கார்

என் வீட்டுக்காரர் முதலில் தேயிலை ஃபேக்டரியில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தார். கூப்பன் அரிசி வாங்கின காலம். ஒரு வெள்ளைக்காரத் தொரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது, பங்களாக் கொட்டகையில் ஓடாமல் கிடந்த பழைய கறுப்புக் காரை இவருக்கு விட்டுப்போனார். அப்போது அதன் பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து பிறகுதான் இவர் காரைத் தள்ளிக்கொண்டு வந்தாராம். இது எனக்குக் கல்யாணமாவதற்கு முந்திய கதை. அவர் சொல்லித்தான் தெரியும். கோழியை மட்டும் நான் நம்பவில்லை. சீட்டைக் கழற்றித் துவைத்தபோது இறகு வந்தது, அதன்பிறகு நம்பினேன்.

ஃபேக்டரி வேலையை விட்டு, பசறையில் ரோட்டோரமாக ஒரு சின்ன வீடு எடுத்து, காரை வாடகை ஹயருக்கு ஓட்ட ஆரம்பித்தார். வெலிமடைக்குப் பெண் பார்க்கப் போகிறவர்கள், பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், லுணுகலையில் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் ஏறுவார்கள்.

காரை யாரிடமும் ரிப்பேருக்குக் கொடுக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் வீட்டிலும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். எங்கள் வீட்டில் காருக்கு எண்ணெய் மாற்றுவோம். பழைய ஆயிலை மண்ணெண்ணெய் டின்னில் இறக்கி வைத்தால், தூணில் கறையான் ஏறாமல் பூச என்று அக்கம்பக்கத்தார் சிரட்டையோடு வந்து நிற்பார்கள். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பது என் வேலை. பாயிண்ட் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்க அளவுத் தகடு காணாமல் போனதால், எங்கள் கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தை வெட்டி வைத்துக்கொண்டார். அந்த அட்டையின் கனம்தான் சரியான அளவு என்பார். இன்றைக்கும் என் பெட்டியில் இருக்கிற பத்திரிகையில் முகூர்த்த நேரம் எழுதிய மூலை இல்லை.

ஃபேக்டரி இரைச்சலில் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எஞ்சினில் மெல்லிய சத்தம் வந்தால் பிடிபடாது. அதனால் நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியை என் காதில் வைத்துக் கேட்கச் சொல்வார். நான் கேட்டுச் சொல்வேன். ஹயருக்கு ஆள் வந்துவிட்டால் திருப்புளியோடு கதவுக்குப் பின்னால் ஓடிவிடுவேன். கை முழுக்கக் கரியோடு அந்நிய ஆம்பளைகள் முன்னால் நிற்க வெட்கம்.

கரி சுரண்டுகிற வேலை

இவ்வளவும் வாராவாரம் நடக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய வேலை உண்டு. எஞ்சின் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே படிந்த கரியைச் சுரண்டி, வால்வுகளை எடுத்துச் சீர்படுத்துவது.

அந்த எஞ்சினில் எட்டு வால்வு. நீளத் தண்டும் தட்டைத் தலையுமாக, பெரிய காளான் மாதிரி இருக்கும். எட்டும் பார்க்க ஒரே அச்சு. ஆனால் ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் வைத்து, மணல்பொடி கலந்த பசை போட்டுத் தேய்த்துத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். அப்படிப் பழகின பிறகு ஒன்றின் குழியில் இன்னொன்று சரியாக மூடாது. காற்றுக் கசியும். கார் ஏற்றத்தில் இளைக்கும், ஒருவேளை கிளம்பவே கிளம்பாது. அதனால் ஒரு பலகையில் எட்டு ஓட்டை போட்டு, பென்சிலால் நம்பர் எழுதி, கழற்றின வால்வை அதில் வரிசையாகக் குத்தி வைப்பார்.

அந்த வருஷம் இந்த வேலையை லெட்சுமிக்காகவே செய்தார். கண்டிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தாதி வேலை பழக அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் சனத்தில் அப்படிப் போன பெண் எனக்குத் தெரிந்து அதுவரை இல்லை. படிப்பு தொடங்க நல்ல நாள் என்று விஜயதசமி அன்று புறப்படுவதாக ஏற்பாடு. அன்றைக்கு விட்டால் இடம் இன்னொருத்திக்குப் போய்விடும். பதுளையில் காலை ரயிலைப் பிடிக்க வேண்டும். முதல் பஸ் வந்து சேர்வதற்குள் ரயில் போய்விடும். ஆக, எங்கள் கார்தான் கதி.

மாமியார் அரைமனசாகத்தான் சம்மதித்திருந்தார். அதற்கும் ஒரு நிபந்தனை.

"வயசுப்புள்ளய அம்புட்டுத் தூரம் அனுப்புறேன். கெளம்புற நேரத்துல ஒரு தடங்கல் வந்துச்சு, ஆத்தா வேணாங்கிறான்னு அர்த்தம். அப்பறம் எங்கிட்ட ஒருத்தரும் பேசப்படாது."

வால்வு எல்லாம் தேய்த்துச் சீராகிவிட்டது. மேல்மூடிக்கு அடியில் வைக்கிற செம்புத் தகடு பதுளையிலிருந்து வந்து சேரத் தாமதமாகிவிட்டது. அதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது. பூசையில் வைத்த சாமானை மறுநாள் பூசை முடியாமல் தொடக்கூடாது. "பரவால்ல, தசமி அன்னைக்கு விடியக்காலம் எந்திரிச்சு மாட்டிப்புடலாம். மாட்டுற வேலதான் பாக்கி" என்றார் அவர்.

புளியும் தேங்காய் நாரும்

இப்போது பூசைக்கு வருகிறேன்.

லெட்சுமிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாளைக்கு ரயில் ஏறப்போகிறவள் அல்லவா. எல்லோருக்கும் முன்னால் எழுந்து, ஸ்பேனர், சுத்தியல், குறடு, அருவாமனை, மாமியார் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி எல்லாவற்றையும் விளக்கிச் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கியிருந்தாள். நடுவில் குத்துவிளக்கு. அதைச் சுற்றி, தாமரைப்பூ விரிந்த மாதிரி வட்டமாக, பளபளவென்று எட்டு வால்வு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொட்டு.

அதைப் பார்த்துத்தான் அவர் அழுதது.

கற்பூரம் அணைகிறவரை பொறுத்திருந்தார். பிறகு கேட்டார்.

"இதெல்லாம் யாரு வெளக்குனது?"

"நாந்தாண்ணே. ஒரே கரி. சாமி முன்னால அப்படியேவா வைக்கிறது? புளி போட்டுத் தேங்காநாரால தேச்சேன். நல்லா இருக்குல்ல?"

"அந்தப் பலக?"

"அதையும் தேச்சுக் காயவச்சிருக்கேன். அதுல பென்சிலால யாரோ கிறுக்கி வச்சிருந்தாங்க. அழிக்கிறதுக்குள்ள கை வலிச்சுப்போச்சு."

"கிறுக்குனவன் நாந்தான்" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எது எந்தக் குழியுடையது என்று இனி தெரியாது, எட்டையும் முதலிலிருந்து தேய்க்க வேண்டும், அதற்கு ஒரு முழுப் பகல் வேண்டும், நாளை விடியக்காலம் எடுத்தால் ரயில் போயே போய்விடும் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. லெட்சுமியின் முகம் வெளுத்துவிட்டது. விறுவிறுவென்று அறைக்குள் போனாள். ட்ரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மடித்து அடுக்கின சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சாமான இப்பவே எடுக்கணும்" என்றார் அவர்.

"பூசையில வச்சத மறுநா வரைக்கும் தொடக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"எடுக்கலன்னா அவ போகமுடியாதும்மா."

மாமியார் திரும்பினார். அறைப் பக்கம் பார்த்தார். பெட்டியிலிருந்து சேலை எடுக்கிற கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு பொட்டலம்

"நான் சொல்றதுக்கு யாரு. ஆத்தாகிட்டயே கேப்போம்" என்றார் கடைசியில்.

எங்கள் பக்கத்தில் எதையாவது முடிவுபண்ண முடியாமல் போனால் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியே தெரியாமல் இலையில் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. மாமியார் தானே தோட்டத்தில் இறங்கிப் பூப் பறித்தார். தானே வாழை இலைக் கிழிசலில் சுற்றி நாரால் கட்டினார்.

"வெள்ளை வந்தா சாமான எடுத்து வேலயப் பாரு. சிவப்பு வந்தா லெட்சுமி போகவேணாம். அதுக்கப்பறம் அழுவாச்சி, கெஞ்சல் ஒண்ணும் இருக்கப்படாது."

"நான் எடுக்கவா?" என்றார் அவர்.

"நீ எடுக்காத. ஒனக்கு வெள்ளதான் வேணும்னு நெத்தியிலயே எழுதியிருக்கு. மருமக எடுக்கட்டும்."

நானோ நாலு பேர் முன்னால் தண்ணீர்ச் செம்பை வாங்கவே கூசுகிறவள். லெட்சுமி அறை வாசலில் வந்து நின்று, என் கையையே பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். மாமியார் நாரை அவிழ்த்தார். நந்தியாவட்டை. வெள்ளை.

என் வீட்டுக்காரர் எழுந்து ஸ்பேனரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அள்ளிக்கொண்டு ஓடினார். லெட்சுமி வால்வுகளை முந்தானையில் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

நான் தரையில் கிடந்த மற்றப் பொட்டலத்தை எடுத்தேன். நார் நெகிழ்ந்திருந்தது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்ததும் நந்தியாவட்டைதான்.

நிமிர்ந்தேன். மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா முழிக்கிற?"

"ஒண்ணுமில்லீங்க அத்தை."

"சிவப்புப் பூவு செடியில ஒண்ணுகூட இல்ல இன்னைக்கு" என்று சொல்லி, பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடி பூத்துக் கொட்டிக்கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மோர் கடைகிற மாதிரி

வால்வு தேய்க்கிறதற்கு ஒரு குச்சி இருக்கிறது. நுனியில் ரப்பர்க் கிண்ணம். அதை வால்வின் தலையில் ஒட்ட வைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் குச்சியை உருட்ட வேண்டும். மோர் கடைகிற மாதிரிதான். முதலில் கரகரவென்று சத்தம் வரும். பசை மசிய மசியச் சத்தம் மெலிந்து, உஸ் என்று ஆகும். அப்போது எடுத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

புளியையும் சந்தனத்தையும் மண்ணெண்ணெயில் கழுவினோம். அவர் ஒன்று, லெட்சுமி ஒன்று, நான் ஒன்று என்று மாறி மாறி உருட்டினோம்.

"அடியே, மெதுவா. வெண்ணெயா திரளப்போகுது?" என்று அவர் தங்கச்சியை அதட்டுவார்.

"நீங்க மட்டும் என்னவாம்? தாலாட்டுற மாதிரி உருட்டுறீங்க. அது தூங்கிரும்" என்பாள் அவள்.

வால்வு சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஓரத்தில் ஏதாவது மை தடவிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். குழியில் வட்டம் முழுசாகப் பதிந்தால் சரி, விட்டு விட்டுப் பதிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். அவரிடம் இருந்த மை தீர்ந்துபோயிருந்தது. லெட்சுமி தன் கண்மைச் சிமிழைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பொட்டு வச்சது நானு. மை நீங்க போடுங்கண்ணி. அலங்காரம் நெறவா இருக்கட்டும்."

பெட்டியைத் திறந்துபோட்டுச் சேலையை வெளியே எடுத்த பெண் அதுக்குள் சிரிக்கிறாள். கண்மை நன்றாகவே வேலை செய்தது. ஆமணக்கெண்ணெயில் குழைத்த மை, வட்டம் வட்டமாக அழகாகப் பதிந்தது.

மத்தியானத்துக்கு மேல் எங்கள் கைகள் சோர்ந்துவிட்டன. மாமியார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "தள்ளு" என்று லெட்சுமியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். கொழுந்து பறித்துப் பறித்துக் காய்த்த கை. அந்தக் கையில் குச்சி பம்பரமாகச் சுற்றியது. நடு நடுவே எதிரில் உட்கார்ந்திருந்த மகளுக்குப் புத்தி சொன்னார். அங்கே போய்ப் பச்சைத் தண்ணியில் தலைக்கு ஊற்றாதே, யாராவது ஏதாவது சொன்னால் எதிர்த்துப் பேசாதே, பேசாமலும் இருந்துவிடாதே. லெட்சுமி எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றாள். அன்று அம்மாவும் மகளும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தது அந்த எட்டு வால்வின் புண்ணியம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல்மூடியும் மாட்டி முடிந்தது. லெட்சுமி சேலைகளை மறுபடி மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

எங்கேயும் நிற்கவில்லை

விடிகிற நேரம். பனி இறங்கி, கார்க் கண்ணாடியெல்லாம் ஈரம். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பெட்டியும் ஏற்றியாயிற்று. அவர் முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றினார். இருமிவிட்டு நின்றது. மறுபடி சுற்றினார். இருமக்கூட இல்லை.

லெட்சுமி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தடங்கல் என்று ஒரு வார்த்தை வந்தால் போச்சு.

மாமியார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எல்லாரும் எம்மூஞ்சியில என்னா பாக்குறீங்க? எனக்கே குளிருது. இரும்புக்குக் குளிராதா? சுத்துடா" என்றார்.

அடுத்த சுற்றில் பிடித்துக்கொண்டது. அவர் என்னைப் பார்த்துத் திருப்புளியை நீட்டினார். எஞ்சினில் வைத்துக் காது கொடுத்தேன். ஒரே சீராக, தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. தலையை ஆட்டினேன். அவர் முகத்தில் முதல் நாள் காணாமல் போன சிரிப்பு திரும்பி வந்தது.

மாமியார் எங்களோடு வரவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டார். லெட்சுமி காலைத் தொட்டுக் கும்பிட்டபோது, "ஏறு ஏறு, வண்டி அணைஞ்சிரப்போகுது" என்றார். அவ்வளவுதான்.

பதுளைக்கு இறங்குமுன் ஒரு நீண்ட ஏற்றம் இருக்கிறது. இளைக்காமல்தான் ஏறியது. ஆனால் உச்சி வளைவுக்கு வந்தபோது ரேடியேட்டர் கொதித்துப் புகை கிளம்பிவிட்டது. ரோட்டோரப் பீலியண்டை நிறுத்தினார். மலையிலிருந்து மூங்கில் குழாய் வழியாக விழுகிற தண்ணீர், ஐஸ் மாதிரி. நான் டின்னில் பிடித்துப் பிடித்துக் கொடுத்தேன்.

"அண்ணே, இது தடங்கல்ல சேருமா?" என்றாள் லெட்சுமி மெதுவாக.

"தண்ணி குடிக்கிறது எப்படிடி தடங்கலாகும்? நீ குடிக்கமாட்டியா?"

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. பெட்டியை ஏற்றி, ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார். லெட்சுமி ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தாள். அவள் நகக்கண்ணில் பசைக் கறுப்பு அப்படியே இருந்தது. "ஆஸ்பத்திரியில பாத்தா என்னா நெனப்பாங்க அண்ணி?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பியபோது மாமியார் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. ரயில் கிடைத்ததா, இடம் கிடைத்ததா, அழுதாளா, ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் காரை நிறுத்தப் போனதும் மாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"வண்டி நடுவுல எங்கயாச்சும் நின்னுச்சா?"

என் சேலைக் கொசுவம் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"எங்கயும் நிக்கலீங்க அத்தை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நனைந்த சேலையைப் பார்த்தார்.

"அப்ப சரி" என்றார். "வா, வந்து சோத்தப் போடு. பசிக்குது."

லெட்சுமி படித்து முடித்து, எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளை இந்தக் கையில் ஏந்தினேன் என்று சொல்லிச் சிரிக்கிற வயசுக்கு வந்துவிட்டாள். கண் பார்வை மங்கிவிட்டது, பத்திரிகை படிக்க முடியாது. பண்டாரவளையில் மகன் வீட்டில் இருக்கிறாள். அந்தப் பக்கத்து வாசகர்கள் யாராவது அவளுக்கு இதைப் படித்துக் காட்டி, எது பிழை என்று கேட்டு எழுதினால் திருத்திக்கொள்வேன். விளக்கியது புளியா எலுமிச்சையா, பீலியில் நின்றது ஒரு தடவையா இரண்டு தடவையா என்றெல்லாம் அவளுக்குத்தான் சரியாக ஞாபகம் இருக்கும். இரண்டாவது பொட்டலத்தைப் பற்றி மட்டும் அவளிடம் கேட்டுப் பிரயோசனமில்லை. அது அவளுக்குத் தெரியாது. படிக்கிறவர்கள் அந்த இடத்தை மட்டும் அவள் காதில் நன்றாக விழும்படி கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.